லாலி வீதியில் ஓர் அயர்லாந்துக்காரர்: பாண்டிச்சேரி, ஒரு முற்றுகை, ஆத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தீவு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தி, சுருக்கித் தந்திருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோட் ஊர் சுத்துறதைப் பத்தி. அதுவும் நம்ம ஊரையே சுத்துறது.

பாண்டிச்சேரிக்காரங்களுக்கு ஒரு நிரந்தர வேலை உண்டு. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் யாராவது வெள்ளிக்கிழமை ராத்திரி மெசேஜ் பண்ணுவாங்க: "மச்சான், நாளைக்கு பாண்டி வர்றோம், என்ன பாக்கலாம்?" நாமும் ஒரே பதிலைக் காப்பி பண்ணிப் போடுவோம். பீச் ரோடு, மஞ்சச் சுவர் முன்னாடி ஒரு போட்டோ, பேக்கரியில ஒரு க்ரோசான், படகுல பாரடைஸ் பீச், அவ்வளவுதான். மிச்சத்தை அவங்களே பாத்துப்பாங்க. எதுக்கு வர்றாங்கன்னு நமக்கும் தெரியும். (சிரிப்பு)

நானும் பல வருஷமா இதைத்தான் செஞ்சுட்டிருந்தேன். ஒரு கேள்வி வந்து அதைக் கெடுத்துடுச்சு.

கால்வேயும் நம்ம பாண்டியும்

என்னோட ஸ்கூல் நண்பன் அயர்லாந்துல கால்வேங்கிற ஊர்ல படிக்கிறான். அங்கே போன புதுசுல போன் பண்ணி, "டேய், இது அப்படியே பாண்டி மாதிரி இருக்குடா"ன்னான். கடலோரச் சின்ன ஊர். குறுகலான தெருக்கள். கலர் கலரா வீடுகள். தெருவுல பாட்டு. வார இறுதியானா வெளியூர்க் கூட்டம். ஊருக்கு எதிரே கடல்ல மூணு தீவு, ஆரன் தீவுகள். பெரிய தீவுல செங்குத்தான பாறை விளிம்புல சுமார் மூவாயிரம் வருஷப் பழமையுள்ள ஒரு கல்கோட்டை, டூன் எங்கஸ். அங்கே இருக்குறவங்க இன்னும் வீட்டில ஐரிஷ் மொழி பேசறாங்க. கால்வேக்கு வர்றவங்க ரெண்டு நாள் ஊர்ல கும்மாளம் போட்டுட்டு, மூணாவது நாள் படகு ஏறித் தீவுக்குப் போய் அமைதியா திரும்பி வருவாங்களாம்.

"நம்ம ஊர்ல அந்த மூணாவது நாள் எங்கடா?"ன்னு அவன் கேட்டான். "பாரடைஸ் பீச்"ன்னு சொன்னேன். அவன் சிரிச்சுட்டான்.

அப்புறம் ஒரு டிசம்பர்ல லீவுக்கு வந்தப்போ, கூடவே அவன் அறைத் தோழரையும் கூட்டிட்டு வந்தான். அசல் அயர்லாந்துக்காரர், அமைதியான மனுஷன். வழக்கமான சுற்றுலா தொடங்கியது. வெள்ளைக்கார வீதிகள்ல நடந்துட்டிருந்தப்போ அவர் ஒரு நீலப் பெயர்ப்பலகை முன்னாடி நின்னுட்டார். லாலி தொலாந்தால் வீதி. "இந்தப் பேரு இங்கே எப்படி வந்துச்சு?"ன்னார். ஏதோ பிரெஞ்சு கவர்னர்னு நான் சொன்னேன். அவர் தலையை ஆட்டி, "இல்லை, இது எங்க ஊர்ப் பேரு"ன்னார்.

மேட்டோட பேரு

அவர் சொன்னது சரி. கால்வே மாவட்டத்துல டூவம்னு ஒரு சின்ன ஊர். அதுக்குப் பக்கத்துல ஒரு இடத்தோட ஐரிஷ் பேரு துலக் ந டாலா. "அவை கூடும் மேடு"ன்னு அர்த்தம். அந்தப் பேருதான் பிரெஞ்சு வாயில உருண்டு 'தொலாந்தால்' ஆச்சு. அந்த மேட்டுக்குச் சொந்தமான குடும்பம் லாலி குடும்பம்.

அயர்லாந்துல 1691-ல் லிமெரிக் ஒப்பந்தத்தோட ஒரு பெரிய போர் முடிஞ்சது. தோத்த பக்கத்துல இருந்த கத்தோலிக்கப் படைவீரர்கள் ஆயிரக்கணக்குல நாட்டை விட்டு பிரான்சுக்குப் போனாங்க. 'காட்டு வாத்துகள்'னு அவங்களை அங்கே இன்னைக்கும் சொல்றாங்க. நிலம் போச்சு, வீடு போச்சு. பிரெஞ்சு ராஜாவோட படையில ஐரிஷ் படைப்பிரிவுகள்னு தனியா உருவாச்சு. அப்படிப் போனவர்கள்ல ஒருத்தர் ஜெரார்டு லாலி. அவர் மகன் தாமஸ் ஆர்தர் லாலி 1702-ல் பிரான்சுலேயே பிறந்தவர். அப்பா விட்டுட்டு வந்த மேட்டோட பேரைத் தன் பட்டத்துல சேத்துக்கிட்டார். 1745-ல் ஃபோன்டனுவா சண்டையில் ஆங்கிலேயர்களுக்கு எதிரா ஐரிஷ் படையோட நின்னு பேர் வாங்கினார். ஆங்கிலேயர்கள் மேல அவருக்கு இருந்த கோபம் குடும்பச் சொத்து மாதிரி.

அவரைத்தான் பிரெஞ்சுக்காரங்க இந்தியாவுக்குத் தலைமைத் தளபதியா அனுப்பினாங்க. 1758 ஏப்ரல் கடைசியில புதுச்சேரி வந்து இறங்கினார். நம்ம மொழியில லாலின்னா தாலாட்டு. தொட்டில்ல பிள்ளையைப் போட்டுப் பாடற வார்த்தை. இந்த லாலி வந்ததுக்கப்புறம் நம்ம ஊர் மூணு வருஷம் தூங்கலை.

வந்ததும் கடலூர்ப் பக்கம் தேவனாம்பட்டினத்தில இருந்த செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடிச்சார், 1758 ஜூன் மாசம். பிடிச்சதோட விடலை, இடிச்சுத் தள்ளினார். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும். படைக்கு வண்டி இழுக்க மாடு பத்தலைன்னு ஊர் ஜனங்களைப் பிடிச்சு பீரங்கி இழுக்க வச்சார். பணம் வேணும்னு தஞ்சாவூர் மேல படை எடுத்தார். வழியில கீழ்வேளூர்க் கோயில்ல புகுந்து கொள்ளையடிச்சார், ஒற்றர்கள்னு சந்தேகப்பட்டு அர்ச்சகர்களை பீரங்கி வாயில கட்டிச் சுட்டார். தஞ்சாவூரும் கிடைக்கலை. 1758 டிசம்பர்ல சென்னையை முற்றுகையிட்டார். ரெண்டு மாசத்துல அதையும் விட்டுட்டுத் திரும்பினார். இங்கே இருந்த பிரெஞ்சு அதிகாரிகளோட ஒரு நாள்கூட ஒத்துப் போகலை. இந்த மண்ணை நல்லாத் தெரிஞ்ச புஸ்ஸி அவர்கூட இருந்தார். ரெண்டு பேருக்கும் ஆகவே ஆகாது.

ஒரு விஷயம் கவனிச்சிருக்கீங்களா? புஸ்ஸி வீதி ஊரோட நடு முதுகெலும்பு. லாலிக்குக் கிடைச்சது ஒரு சின்னத் தெரு.

வந்தவாசியில் ரெண்டு அயர்லாந்து

1760 ஜனவரி 22, வந்தவாசி. நம்ம ஊர்லருந்து வண்டியில ரெண்டு மணி நேரம் போல ஆகும். பாடப்புத்தகத்துல படிச்சிருப்போம்: வந்தவாசிப் போர், பிரெஞ்சுக்காரர்களுக்கும் ஆங்கிலேயர்களுக்கும் நடுவுல. பிரெஞ்சு ஆதிக்கக் கனவு முடிஞ்ச இடம். ரெண்டு மார்க் கேள்வி.

ஆனா பிரெஞ்சுப் படைக்குத் தலைமை லாலி. ஆங்கிலேயப் படைக்குத் தலைமை ஐர் கூட். இவரும் அயர்லாந்துக்காரர்தான்! லிமெரிக் மாவட்டத்தில பிறந்த புராட்டஸ்டன்ட் பாதிரியார் மகன். அங்கே ஜெயிச்ச பக்கத்துக் குடும்பம். இன்னும் கேளுங்க. அதே கூட் குடும்பத்தோட முந்தின தலைமுறையில சார்லஸ் கூட்னு ஒரு தளபதி இருந்தார். அவர் 1652-ல் மாதக்கணக்குல முற்றுகை போட்டு, உணவு உள்ளே போக விடாம, ஒரு நகரத்தைப் பணிய வச்சார். அந்த நகரம் கால்வே.

அங்கே முடியாத பங்காளிச் சண்டை கடல் தாண்டி வந்து நம்ம வந்தவாசி வெயில்ல நடந்திருக்கு. லாலியோட சொந்த ஐரிஷ் ரெஜிமென்ட்டும் அந்தக் களத்தில இருந்தது. சண்டை நடுவுல ஒரு வெடிமருந்து வண்டி வெடிச்சு பிரெஞ்சு வரிசை சிதறிச்சு. லாலி தோத்தார். புஸ்ஸி கைதியாப் போனார். அடுத்த சில மாசங்கள்ல ஒவ்வொரு ஊரா விழுந்து, அந்த வருஷம் செப்டம்பர்ல கூட் புதுச்சேரி வாசலுக்கே வந்துட்டார்.

இதெல்லாம் அன்னைக்கு அந்தத் தெருவுல நின்னுட்டு கூகுள் பண்ணி மூணு பேரும் படிச்சோம். எனக்கு ஒரே குஷி. கதை சூப்பரா இருக்கேன்னு பேசிட்டே போறேன். அந்த அயர்லாந்துக்காரர் மட்டும் கேட்டார்: "சரி. இவங்க ரெண்டு பேரும் சண்டை போட்டுட்டிருந்தப்போ உங்க ஆளுங்க எங்க இருந்தாங்க?"

என்கிட்ட பதில் இல்லை. இந்த ஊர்லயே பிறந்து வளர்ந்தவன் நான்.

சுவருக்கும் வேலிக்கும் நடுவுல

அவங்க போனதுக்கப்புறம் படிக்க ஆரம்பிச்சேன். பதில் கிடைச்சது.

இப்ப நம்ம ஊரைச் சுத்தி முட்டை வடிவத்துல ஒரு சாலை போகுதில்லையா? பீச் ரோடு, சுப்பையா சாலை, அண்ணா சாலை, பட்டேல் சாலை. நாம புல்வார்னு சொல்றோம். பழைய மதில் இருந்த தடம் கிட்டத்தட்ட அதுதான். மதிலுக்கு வெளியே கொஞ்ச தூரத்துல ஊரைச் சுத்தி முள்வேலி. 1760 செப்டம்பர்ல ஆங்கிலேயர்கள் அந்த வேலியைப் பிடிச்சுட்டாங்க. கடல் பக்கம் ஆங்கிலேயக் கப்பல்கள். உள்ளே சாப்பாடு குறைஞ்சுட்டே வந்தது.

நவம்பர் கடைசியில லாலி ஒரு உத்தரவு போட்டார். சில வேலைக்காரங்களைத் தவிர ஊர்க்காரங்க எல்லாரும் வெளியே போகணும். வாய்கள் குறைஞ்சா தானியம் மிஞ்சும்கிற கணக்கு. ஆண்கள், பெண்கள், குழந்தைகள்னு சுமார் 1400 பேரை வாசலுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாங்க. ஆங்கிலேயத் தரப்பு வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் இதை எழுதி வச்சிருக்கார். அந்த ஜனங்க ஆங்கிலேயக் காவல் வரிசைக்குப் போனாங்க, அங்கே விடலை. அவங்க திரும்பி வந்தா உள்ளே சாப்பாடு சீக்கிரம் தீரும்கிறது கூட்டோட கணக்கு. திரும்பி மதில்கிட்ட வந்தாங்க, அங்கேயும் விடலை. துப்பாக்கிச் சூடு. எட்டு நாள். சுவருக்கும் வேலிக்கும் நடுவுல புல் வேரைப் பிடுங்கித் தின்னுட்டுக் கிடந்திருக்காங்க. எட்டு நாளுக்கு அப்புறம்தான் கூட் வழி விட்டார்.

"உங்க ஆளுங்க எங்க இருந்தாங்க?"ங்கிற கேள்விக்கு இதுதான் பதில். ரெண்டு அயர்லாந்துக்காரங்களுக்கு நடுவுல இருந்தாங்க.

இதுல என்னைத் தூங்க விடாதது வேற ஒண்ணு. லாலியோட அப்பா சொந்த நிலத்திலிருந்து துரத்தப்பட்டவர். துரத்தப்பட்டவங்க பட்டினின்னா என்னன்னு அந்தக் குடும்பத்துக்குத் தெரிஞ்சிருக்கும். அந்த இழந்த மேட்டோட பேரைத் தன் பேர்ல சுமந்துட்டுத்தான் அவர் இந்த உத்தரவுல கையெழுத்துப் போட்டார். பாதிக்கப்பட்டவன் அடுத்தவன் வலியைப் புரிஞ்சுப்பான்னு நாம நம்பறோம். எப்பவும் அப்படி நடக்கிறதில்லை.

அந்த 1400 பேர்ல ஒருத்தர் பேருகூட எந்தத் தெருவுக்கும் இல்லை. இன்னைக்கு புல்வார் தாண்டி ஷேர் ஆட்டோவுல போறப்போ எனக்கு அவங்க ஞாபகம் வரும்.

புயலும் கடப்பாரையும்

1761 ஜனவரி 1-ம் தேதி ஒரு பெரும் புயல். கடல்ல காவல் இருந்த ஆங்கிலேயக் கப்பல்கள் சில மூழ்கிப் போச்சு, சில தெற்கே கரையில வந்து மோதிச்சு. ஆயிரம் பேருக்கு மேல செத்தாங்க. இனி முற்றுகை தீர்ந்ததுன்னு உள்ளே சந்தோஷப்பட்டிருப்பாங்க. ஆனா ஒரு வாரத்துக்குள்ள வேற கப்பல்கள் வந்து நின்னுடுச்சு. ஜனவரி நடுவுல, அதாவது நம்ம பொங்கல் சமயத்துல, லாலி சரணடைஞ்சார்.

டூப்ளேவோட துபாஷியா இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736-லிருந்து இந்த ஊரோட கதையைத் தமிழ்ல நாட்குறிப்பா எழுதிட்டு வந்தவர், ஊர் விழறதுக்குச் சில நாள் முன்னாடிதான் இறந்தார். ஒரு ஊரோட கடைசி மூச்சும் அதை எழுதினவர் கடைசி மூச்சும் ஒரே வாரத்துல.

அப்புறம் ஆங்கிலேயர்கள் ஊரை இடிச்சாங்க. செயின்ட் டேவிட் கோட்டையை இடிச்சதுக்குப் பழி. கோட்டை, மதில், மாளிகை, தேவாலயம்னு ஒண்ணு விடாம. அதனாலதான் சொல்றேன், நீங்க மஞ்சச் சுவர் முன்னாடி நின்னு "டூப்ளே காலத்து வீடு"ன்னு கேப்ஷன் போடறப்போ கொஞ்சம் யோசிங்க. 1765-ல் ஊர் பிரெஞ்சுக்காரங்க கைக்குத் திரும்ப வந்த பிறகு கட்டினதுதான் கிட்டத்தட்ட எல்லாமே. அந்த அழிவிலேயும் தப்பிச்ச வீடு ஒண்ணு உண்டு. அது வாய்க்காலுக்கு மேற்கே, பெரிய மார்க்கெட் பக்கத்துல இருக்கிற ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகை. 1738-ல் கட்டினது. "பிரெஞ்சு" பாண்டியோட மிகப் பழைய வீடுகள்ல ஒண்ணு ஒரு தமிழர் வீடு. வெயில்ல வெள்ளைக்கார வீதியை நாலு சுத்து சுத்தறவங்க யாரும் அந்தப் பக்கம் வர்றதில்லை.

லாலியோட முடிவையும் சொல்லிடறேன். லண்டனுக்குக் கைதியாப் போனவர், பாரிஸ்ல தன் மேல துரோகக் குற்றச்சாட்டுன்னு கேள்விப்பட்டு, நானே போய் பதில் சொல்றேன்னு பிரான்சுக்குத் திரும்பினார். பாஸ்டீல் சிறையில போட்டாங்க. 1766 மே 9-ம் தேதி, வாயில துணி அடைச்சு, தலையை வெட்டினாங்க. இது அநியாயம்னு வால்டேர் பல வருஷம் எழுதினார். 1778-ல் அந்தத் தீர்ப்பு ரத்தாச்சு. சாகக் கிடந்த வால்டேருக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தது. லாலி துரோகி இல்லை, சரி. லாலிக்காக வாதாட வால்டேர் இருந்தார். அந்த 1400 பேருக்கு யாரும் இல்லை.

மூணாவது நாள்: ஆத்துக்கு அந்தப் பக்கம்

இப்ப நண்பன் கேட்ட கேள்விக்கு வரேன். நம்ம ஊருக்குத் தீவு எங்கே?

இருக்கு. செஞ்சியிலிருந்து வர்ற சங்கராபரணி ஆறு கடலுக்குப் பக்கத்துல ரெண்டாப் பிரியுது. வடக்கே அரியாங்குப்பம் ஆறு, தெற்கே சுண்ணாம்பாறு. ரெண்டு ஆத்துக்கும் கடலுக்கும் நடுவுல இருக்கிற நிலம்தான் அரியாங்குப்பம், காக்காயன்தோப்பு, வீராம்பட்டினம் எல்லாம். பாலத்து மேல பஸ்ல போறதால நமக்குத் தீவுன்னு உறைக்கிறதில்லை. இக்கரையில தேங்காய்த்திட்டு. பேரிலேயே திட்டு இருக்கு.

டவுன்லருந்து சுமார் நாலு கிலோமீட்டர். கடலூர் ரோட்டுல பாலம் தாண்டி, அரியாங்குப்பத்துல இடது பக்கம் திரும்பினா, ஆத்தங்கரையில மாந்தோப்பும் தென்னையுமா ஒரு மேடு. அதுதான் அரிக்கமேடு. அயர்லாந்துல ஒரு மேட்டில ஆரம்பிச்ச கதை நம்மளை இன்னொரு மேட்டில கொண்டு வந்து விடுது, பாருங்க.

போய்ப் பார்த்தா ஏமாற்றமா இருக்கலாம். முன்னாடியே சொல்லிடறேன். டூன் எங்கஸ் மாதிரி கல்கோட்டை கிடையாது. நிக்கிறது ரெண்டு உயரமான பழைய செங்கல் சுவர்தான். அதுவும் ரோமானியர் காலத்தது இல்லை, 18-ம் நூற்றாண்டு பிரெஞ்சுப் பாதிரியார்கள் இல்லம். விஷயம் எல்லாம் காலுக்குக் கீழே.

1930-கள்ல ழூவோ துப்ரேய்னு ஒரு பிரெஞ்சுப் பேராசிரியர், இங்கே விளையாடற பசங்க பொறுக்கி வச்சிருந்த மணிகளையும் ஓடுகளையும் வாங்க ஆரம்பிச்சார். 1945-ல் மார்ட்டிமர் வீலர் வந்து தோண்டினார். இத்தாலியில செஞ்ச சிவப்புப் பளபளப்பு மண்பாண்டம் கிடைச்சது. திராட்சை மதுவும் ஆலிவ் எண்ணெயும் வந்த கூர்மூக்கு ஜாடிகள் கிடைச்சது. தமிழி எழுத்து கீறின ஓடுகளும் கிடைச்சது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி கிரேக்க மாலுமி ஒருத்தர் எழுதின கடல்வழிக் கையேட்டுல 'பொதுகே'ன்னு ஒரு துறைமுகம் வரும். அது இதுதான்னு ஆய்வாளர்கள் பலர் சொல்றாங்க. 'புதுச்சேரி'யில இருக்கிற 'புது'வுக்கு எவ்வளவு வயசு பாருங்க!

வீலர் இதுக்கு வச்ச பேரு "இந்திய-ரோமானிய வணிக நிலையம்". ரோமானியர்கள் வந்ததால உருவான இடம்னு நாமளும் ரொம்ப நாள் நம்பினோம். அப்புறம் 1989-லிருந்து 1992 வரைக்கும் விமலா பெக்லே தலைமையில திரும்பத் தோண்டினப்போ, ரோமானியச் சரக்கு வர்றதுக்கு முன்னாடியே அங்கே ஊர் இருந்தது தெரிஞ்சது. வெளியூர்க் கப்பல் வந்ததால ஊர் வரலை, ஊர் இருந்ததால கப்பல் வந்தது. இங்கே கண்ணாடியை உருக்கி, குழலா இழுத்து, பொடிப்பொடியா வெட்டி மணி செஞ்சாங்க. அதே வகை மணிகள் தென்கிழக்கு ஆசியா முழுக்கக் கிடைக்குது.

அதே கேள்வி, இன்னொரு பதில்: "உங்க ஆளுங்க எங்க இருந்தாங்க?" இங்கேதான் இருந்தாங்க. மணி செஞ்சுட்டு இருந்தாங்க.

மேகம் மறைச்ச மனுஷன்

இந்த மேட்டைப் பத்தி முதல்ல எழுதினவங்கள்ல ஒருத்தர் லெ ஜாந்தீல், பிரெஞ்சு வானியல் அறிஞர். இவர் கதையைக் கேட்டா உங்க திங்கட்கிழமை எல்லாம் ஒண்ணுமில்லைன்னு தோணும். 1761 ஜூன் 6-ம் தேதி வெள்ளி கிரகம் சூரியனைக் கடக்குது, அதைப் புதுச்சேரியிலிருந்து பாக்கணும்னு 1760-ல் பிரான்சுலருந்து கப்பல் ஏறினார். வழியிலேயே சேதி வந்தது, புதுச்சேரி விழுந்துடுச்சு. கப்பல் திரும்பிடுச்சு. நடுக்கடல்ல ஆடற கப்பல்ல அளவெடுக்க முடியலை. அடுத்தது எட்டு வருஷம் கழிச்சுத்தான் வரும். சரி, காத்திருக்கேன்னு ஊருக்குப் போகாமலேயே இந்தப் பக்கம் சுத்திட்டிருந்தார். அப்புறம் புதுச்சேரியில, இடிஞ்ச கோட்டை மேலேயே ஆய்வகம் கட்டி உட்கார்ந்தார். 1769 ஜூன் 4 காலையில மேகம். வெள்ளி கடந்து முடிச்சதும் வெயில் பளிச்சுன்னு அடிச்சது. 1771-ல் ஊர் திரும்பினா, செத்துட்டார்னு முடிவு பண்ணிட்டாங்க.

அந்தக் காத்திருப்புல அவர் இந்தப் பக்கம் எல்லாம் நடந்து, கிராமத்து ஜனங்க பெரிய பழைய செங்கல்களைத் தோண்டி எடுக்கிறதைப் பாத்து எழுதி வச்சார். வந்த காரியம் நடக்கலை. ஆனா அரிக்கமேட்டுக் கதையோட முதல் பக்கம் அவர் எழுதினது.

தீவோட மனுஷங்க

அரிக்கமேட்டுலருந்து கிழக்கே போனா வீராம்பட்டினம். பெரிய மீனவ ஊர். ஆடி மாசம் செங்கழுநீர் அம்மன் தேர். பிரெஞ்சு காலத்துல கவர்னரே வந்து வடம் பிடிப்பார். இப்ப துணைநிலை ஆளுநரும் முதல்வரும் வர்றாங்க. ஆரன் தீவுக்காரங்க தங்கள் பேச்சைக் காப்பாத்தி வச்ச மாதிரி, ஆட்சி மாறினாலும் இவங்க தங்கள் தேரைக் காப்பாத்தி வச்சிருக்காங்க. யார் ஆண்டாலும் வந்து வடம் பிடிக்கணும்.

இன்னொண்ணையும் பாருங்க. வீராம்பட்டினத்துல மணல் இருக்கு. பீச் ரோட்டுல பாறாங்கல் கிடக்கு. ஏன்? இந்தக் கரையில அலை மணலைத் தெற்கேயிருந்து வடக்கே தள்ளிட்டே போகும். 1980-களோட கடைசியில ஆத்து முகத்துவாரத்துல துறைமுகத்துக்காகக் கல் தடுப்பு கட்டினாங்க. மணல் தெற்கேயே நின்னுடுச்சு, வடக்கே கரை அரிச்சுட்டுப் போச்சு. தலைமைச் செயலகம் பக்கம் இப்ப தெரியற சின்ன மணல்திட்டு, கடலுக்குள்ள செயற்கைத் திட்டு அமைச்சதுக்கப்புறம் திரும்ப வந்தது. கடற்கரை இல்லாத பீச் ரோட்டில வளர்ந்த தலைமுறை நாம. பாண்டிக்கு வடக்கே இருக்கிற மீனவக் குப்பங்களுக்கு அது வெறும் காட்சி இழப்பு இல்லை, வீட்டு வாசல் இழப்பு.

நீங்க வந்தா

சரி, பிளான். முதல் நாள் எப்பவும் போல கும்மாளம் போடுங்க, நான் எதுவும் சொல்லலை. ரெண்டாவது நாள் காலையில ஆறு மணிக்கு பீச் ரோடு. வண்டி இருக்காது. அங்கிருந்து லாலி வீதி, அப்புறம் வாய்க்கால் தாண்டி ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகையை வெளியே நின்னாவது பாருங்க. பக்கத்துல பெரிய மார்க்கெட், மீன் வர்ற நேரம். அப்படியே ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில பாரதியார் இல்லம். 1908-லிருந்து பத்து வருஷம் பாரதி இந்த ஊர்லதான். அவர் குருன்னு வணங்கின நிவேதிதாவும் அயர்லாந்துல பிறந்தவங்கதான். அயர்லாந்து நமக்கு லாலியை மட்டும் அனுப்பலை, நியாயமா சொல்லணும்.

செயின்ட் லூயி வீதி அருங்காட்சியகத்துல அரிக்கமேட்டு ஓடும் மணியும் இருக்கு. திங்கட்கிழமை லீவு. அதைப் பாத்துட்டு அரிக்கமேடு போங்க, அப்பத்தான் அந்த வெறும் மேடு பேசும். தண்ணி எடுத்துட்டுப் போங்க, மழை பேஞ்சா செருப்பு சேத்துல மாட்டும். எனக்கு மாட்டிச்சு. தரையில மணி கிடந்தா பாருங்க, ரசிங்க, எடுக்காதீங்க. சாயங்காலம் வீராம்பட்டினம் கடற்கரை.

அந்த அயர்லாந்துக்காரருக்கு இதையெல்லாம் ஒரு நீள வாய்ஸ் நோட்டா அனுப்பினேன். ரெண்டு நாள் கழிச்சு ஒரு போட்டோ வந்தது. டூவம் பக்கத்துல ஒரு வயல், பச்சையா ஒரு சின்ன மேடு, ரெண்டு மாடு. கீழே ஒரு வரி: "இங்கேயும் ஒண்ணும் இல்லை, ஆனா எல்லாம் இருக்கு."

அடுத்த தடவை யாராவது "பாண்டியில என்ன பாக்கலாம்?"னு கேட்டா, அந்தப் பழைய மெசேஜைக் காப்பி பண்ணாதீங்க. அவங்களைக் கூட்டிட்டு ஒரு தடவை ஆத்தைத் தாண்டுங்க.

உங்க ஊர்ல இப்படி ஒரு தெருப்பேர் இருந்தா எங்களுக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பேசலாம். வரட்டுமா.